செவியடைப்பும் ஆசிரியர் கடனும்

உயிர்களை அறிவின் தொகை கொண்டு பகுத்த தொல்காப்பியர், மரபியலில், ஓரறிவு முதலாக ஆறறிவு ஈறாக அவற்றை வரிசை செய்துள்ளார். மெய்யினால் உற்றறிவது முதலாவது. நாவினால் சுவைத்தறிவது இரண்டாவது. மூக்கினால் மோந்தறிவது மூன்றாவது. கண்ணினாற் கண்டறிவது நான்காவது. செவியினாற் கேட்டறிவது ஐந்தாவது. மனத்தினால் உணர்வது ஆறாவது. இவ்வைப்பு முறையைக் கூர்ந்து நோக்குவார்க்கு ஓருண்மை புலனாகும். கண்ணுக்கும் மனத்துக்கும் இடையில் நிற்பது செவி. மனத்தின் வாயிலிலே கடைசியாக நிற்கும் காவலன் அதுவே. திருவள்ளுவரும் கல்வி, கல்லாமை என்னும் இரண்டு அதிகாரங்களையும் அடுத்துக் கேள்வி என்னும் அதிகாரத்தை வைத்தார். எழுத்தறியாதவனும் அறிந்தோர் சொற் கேட்டு உய்யலாம் என்னும் அருளே அவ்வைப்புக்குக் காரணம் எனலாம்.

நூலிலே இத்துணை உயர்ந்த இருக்கை பெற்ற செவிக்கு நம் வாழ்விலே நாம் அளித்திருக்கும் இருக்கை யாது? பல் நொந்தால் அன்றே மருத்துவரை நாடுகின்றோம். கண் மங்கினால் கண்ணாடி வாங்குகின்றோம். காது அடைத்தால் மட்டும், 'குளிரினால் அடைத்தது, வெயில் வந்தால் திறக்கும்' என்று சொல்லி வாளாவிருக்கின்றோம். வெயில் வருகின்றது, காது திறக்கவில்லை. அடுத்த மாரியும் வந்துவிடுகின்றது. நோவு இல்லாத நோயாதலின் அதனை நோயென்றே கருதுவார் இலர். ஆயினும் நோவில்லாத நோய் இழப்பில்லாத நோய் ஆகாது. அவ்விழப்பு யாருடையது, அதனைத் தடுக்கும் கடன் யாருக்குரியது என்பவற்றை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இலக்கியத்துக்கென ஒதுக்கிய பக்கத்திலே காதடைப்பைப் பற்றிய பேச்சு எதற்கு என்று வினவுவாரும் இருத்தல் கூடும். எமது கிழக்கிலங்கை செவியினால் தமிழ் வளர்த்த நாடு. கண்ணகி கோயில்களில் வழக்குரை படிக்கப்படுவதைக் கேட்டும், வசந்தன் பாடல்களைக் கேட்டும், வயலிலும் வாசலிலும் எழும் கவிகளைக் கேட்டும், முஸ்லிம் மக்களின் றபான் பாட்டைக் கேட்டும் வளர்ந்த தமிழே எம் தமிழ். ஏடு திறவாத பாட்டிமார் நூறு கவி சொல்வர். அவர்கள் அவற்றைக் கற்ற பள்ளிக்கூடம் காது ஒன்றே. அக்காது அடைபடுமாயின் அடைபடுவது உடலின் ஒரு துளை மாத்திரம் அன்று. ஒரு மரபு வரும் வழியும் உடன் அடைபடுகின்றது.

இந்நோயோடு பத்தாண்டுக்கு மேல் வாழ்ந்தவன் ஆதலின் அதன் இயல்பைச் சிறிது சொல்லுதல் பொருந்தும். அடைபட்ட காதுக்கு உலகம் ஒலியற்றதாகிவிடுவதில்லை. உலகம் அடுத்த வீட்டுக்குப் பெயர்ந்துவிடுகின்றது. வைகறையில் எழும் பாங்கொலியும், கோயில் மணியும், சொறிக்கல்முனைத் திருச்சிலுவை ஆலயத்தின் மணியும் ஒன்றோடொன்று கலந்து, போர்வைக்குள் இருந்து கேட்பன போல் ஆகிவிடுகின்றன. அதே வேளையில் தன் குரல் தனக்குக் குடத்துக்குள் பேசுவது போல் பெரிதாய் முழங்குகின்றது. சோறு மெல்லும் ஓசை தலை முழுதும் நிறைகின்றது. தன் குரல் பெரிதாய்க் கேட்பதனால், இந்நோயுடையவன் தன்னை அறியாமலே குரலைத் தாழ்த்திப் பேசுகின்றான். நரம்பு பழுதுபட்டுக் கேள்வி குன்றியவர் உரத்துப் பேசுவதும், அடைப்பினாற் கேள்வி குன்றியவர் மெல்லப் பேசுவதும் மருத்துவர் கண்டறிந்த வேறுபாடு. வகுப்பிலே பின்வாங்குப் பிள்ளைகள், "கேக்குதில்ல சேர்" என்று முறையிடத் தொடங்கியது எனக்கு வியப்பாகவே இருந்தது. என் காதின் குறையை எனக்கு முன்னரே என் மாணவரின் காதுகள் கண்டுகொண்டன.

நிற்க. செவியடைப்பு என்று நாம் ஒரு சொல்லாற் குறிப்பது உண்மையில் ஒரு நோய் அன்று. காது மூன்று கட்டு வீடு போன்றது. வெளிவாயிலிலிருந்து செவிப்பறை வரை செல்லும் வழி, வளர்ந்தோர்க்கு ஏறத்தாழ இரண்டரைச் சென்ரிமீற்றர் நீளம். அதுவே புறச்செவி. பறைக்கு அப்பால் காற்று நிறைந்த சிற்றறை ஒன்று உண்டு. அதில் சம்மட்டி, பட்டடை, அங்கவடி என்னும் மூன்று என்புகள் ஒன்றோடொன்று கோத்து நின்று பறையின் அதிர்வை உள்ளே கடத்துகின்றன. அங்கவடி மனிதவுடலின் மிகச் சிறிய என்பு. அதற்கும் அப்பால் நத்தைச் சுருள் போன்ற உட்செவி. நரம்பு தொடங்கும் இடம் அதுவே. முதற்கட்டிலும் அடைப்பு நேரலாம், இரண்டாங் கட்டிலும் நேரலாம். மூன்றாங் கட்டிற் பழுது நேரினும் சிலருக்கு அது அடைப்பைப் போலவே தோன்றும். எக்கட்டில் என்று அறியாது மருந்து செய்தல், எவ்வீட்டில் தீ என்று அறியாது தண்ணீர் வார்ப்பது போலாம்.

முதற்கட்டின் அடைப்புக்குப் பெரும்பாலும் காரணம் குறும்பி. பேச்சுவழக்கில் அது குடும்பி எனத் திரிந்து வழங்குகின்றது. குறும்பியை அழுக்கென்று எண்ணுவது பிழை. அது காதின் தோலைக் காக்கும் பூச்சு. நீரைத் தடுப்பது, தூசியைப் பிடிப்பது, பூச்சிகளை விலக்குவது அதன் தொழில். காதுவழியின் தோல் உள்ளிருந்து வெளியே மெல்ல மெல்ல நகர்ந்து வளர்வது. நாம் பேசும்போதும் மெல்லும்போதும் தாடை அசைய, குறும்பி தானே வெளியேறும். இவ்வியற்கை ஏற்பாட்டை நாம் நம்புவதில்லை. முன்னோர் குறும்பிவாங்கி என்னும் கருவி வைத்திருந்தனர். நாம் கொண்டையூசியையும், தீக்குச்சியையும், பஞ்சு சுற்றிய குச்சியையும் வைத்திருக்கின்றோம். வாயிலில் இருப்பதை வெளியே எடுப்பதாக எண்ணி, அதனைப் பறை வரை தள்ளி அடைத்துவிடுகின்றோம். பின் குளத்திலோ வாய்க்காலிலோ மூழ்கி எழும்போது, அடைந்த குறும்பி நீரை உறிஞ்சிப் பருத்து, காது சட்டென அடைத்துக்கொள்கின்றது. 'தண்ணீர் போய் அடைத்துவிட்டது' என்கின்றோம். தண்ணீர் செய்தது பாதி. குச்சி செய்தது மீதி.

குறும்பியை எண்ணெய்த் துளிகளால் இளக்கி, உடற்சூட்டளவான நீரைப் பீச்சிக் கழுவுதலும், நுண்கருவியால் உறிஞ்சி எடுத்தலும் மருத்துவர் செய்யும் முறைகள். உடற்சூட்டளவு என்பது ஏன் என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. வியன்னா நகரிலே ரொபேட் பாரனி என்னும் மருத்துவர் நோயாளரின் காதுகளைக் கழுவும்போது, நீர் குளிர்ந்திருந்தாலும் மிகச் சுட்டாலும் அவர்களுக்குத் தலை சுற்றுவதையும், கண்கள் ஒரு பக்கமாய்த் துடித்தாடுவதையும் கண்டார். குளிர்ந்த நீருக்கு ஆட்டம் ஒரு திசையில், சுடுநீருக்கு மறுதிசையில். உடலின் சமநிலையைக் காப்பதும் காதின் உட்கட்டே என்னும் ஆராய்ச்சி இதிலிருந்து விரிந்தது. அதற்காக 1914ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. பரிசுச் செய்தி எட்டியபோது அவர் இரசியாவிலே போர்க்கைதியாய் இருந்தார். காதைக் கழுவுவது போன்ற சிறு தொழிலையும் கண் திறந்து செய்வார்க்கு அது பெரும்பொருள் தரும் என்பதற்கு இஃது ஒரு சான்று.

இரண்டாங் கட்டின் அடைப்பே பெரிதும் அறியப்படாதது. பறைக்கு உட்புறத்துச் சிற்றறையில் உள்ள காற்று, சுற்றியுள்ள சவ்வினால் இடைவிடாது உறிஞ்சப்படுகின்றது. அதனை ஈடு செய்ய, மூக்கின் பின்புறத்திலிருந்து அவ்வறைக்குச் செல்லும் குழாய் ஒன்றை இயற்கை அமைத்துள்ளது. வளர்ந்தோர்க்கு அது ஏறத்தாழ மூன்றரைச் சென்ரிமீற்றர் நீளமுடையது. பதினாறாம் நூற்றாண்டில் அதனை விரித்தெழுதிய இத்தாலிய உடற்கூற்று அறிஞர் ஊத்தேக்கியோவின் பெயரால் அது வழங்கப்படுகின்றது. இக்குழாய் எப்பொழுதும் மூடியே இருக்கும். விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் கணப்பொழுது திறந்து காற்றை உள்ளே விடும். தடிமனாலோ, ஒவ்வாமையாலோ, மூக்கின் பின்புறத் தசை வளர்ச்சியாலோ அது திறவாதாயின், உள்ளறையிற் காற்றுக் குறைய, பறை உள்நோக்கி இழுக்கப்படும். நாளடைவில் அறையில் நீர் கசிந்து தேங்கும். புறக்காதை எத்துணை கழுவினும் இவ்வடைப்பு நீங்காது. வாயில் திறந்தே இருக்கின்றது. அடைபட்டது கொல்லைக் கதவு.

இக்கொல்லைக் கதவைத் திறக்க முயன்றோர் வரலாறு நெஞ்சை உருக்குவது. 1704இல் வல்சால்வா என்னும் இத்தாலியர் காதைப் பற்றிப் பெருநூல் ஒன்று வெளியிட்டார். மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு மெல்ல மூச்சை உந்தும் முறை இன்றும் அவர் பெயரால் வழங்குகின்றது. 1724இல் பிரான்சு நாட்டு வெர்சாய் நகரின் அஞ்சலதிபர் கீயோ என்பவர், தம் செவியடைப்பைப் பொறுக்கலாற்றாது, வளைந்த குழாய் ஒன்றை வாய்வழியாக அண்ணத்தின் பின்னே செலுத்தி, அக்குழாய்வாயிலைக் கழுவித் தமக்குத் தாமே நலம் தேடிக்கொண்டார். மருத்துவம் கற்றவரல்லர் அவர். ஆயினும் அவர் கண்ட வழி பாரிசு அறிவியற் கழகத்தின் முன் வைக்கப்பட்டது. பின்னர்க் கிளீலண்டு என்னும் ஆங்கிலேயப் படை மருத்துவர் 1741இல் மூக்குவழியாக அதனைச் செய்யும் முறையை எடுத்துரைத்தார். அசுற்லி கூப்பர் என்பார் பறையிலே சிறு துளையிட்டுக் காற்றை உள்ளே விட்டார். அதற்காக 1801இல் அவருக்குக் கொப்ளிப் பதக்கம் கிடைத்தது. ஆனால் துளை விரைவில் மூடிக்கொண்டது. மூடாதிருக்க அதனுட் சிறு குழலொன்றைப் பொருத்தும் முறை 1954இல் ஆம்ஸ்ட்ரோங் என்னும் அமெரிக்க மருத்துவராலே நிலைபெற்றது. இன்று பல நாடுகளிலே குழந்தைகளுக்கு அதனையே செய்கின்றனர்.

இவ்வரலாற்றிலே துயரமும் உண்டு. அக்குழாய் இயல்பாக மூடியிருப்பது, விழுங்கும்போது திறப்பது என்று தெளிவுபடுத்தியவர் இலண்டன் நகரத்து யோசேப்பு தொயின்பீ. காதின் இரைச்சலைத் தணிக்க வழி தேடி, நச்சாவிகளைத் தாமே முகர்ந்து சோதித்தபோது, 1866இல் அவர் உயிர் நீத்தார். பிறர் காதின் அமைதிக்காக ஒருவர் உயிரையே ஈந்தார் எனின், அடைப்பும் இரைச்சலும் மனிதரை எத்துணை வருத்துவன என்பது சொல்லாமே விளங்கும்.

எமது பகுதியின் நிலையை இனி நோக்குவோம். நாவிதன்வெளி வயல் சூழ்ந்த மருதநிலம். 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் வாய்க்கால்கள் இப்புறத்துக்கு வளம் தந்தன. கிழக்கே வாவியைக் கடந்தாற் கல்முனை. பிள்ளைகள் நீந்தப் பழகுவது வாய்க்காலிலும் குளத்திலும். அறுவடைக் காலத்திலே சூடடிக்கும் தூசியும், வைக்கோல் எரியும் புகையும் மூக்கை வீங்கச் செய்கின்றன. மாரியிலே தடிமன் வீட்டுக்கு வீடு குடியேறுகின்றது. வெள்ளம் பெருகிய ஆண்டுகளிலே கிட்டங்கித் தாம்போதியை நீர் மூடிப் போக்குவரத்துத் தடைப்பட்டமை யாவரும் அறிந்ததே. காதடைக்கும் பருவமும் வழி அடைபடும் பருவமும் ஒன்றாகவே வந்தன. கூலிக்குச் செல்லும் தாயொருத்தி, நோவென்று அழாத பிள்ளையின் காதுக்காக ஒரு நாட்கூலியை இழந்து நகரத்துக்குச் செல்லாமையை நாம் குறை கூறுதல் ஆகாது. அவளுக்கு அதன் இன்றியமையாமையை எடுத்துச் சொன்னவர் யார்?

எடுத்துச் சொல்வார் இல்லாத இடத்திலே கைவைத்தியம் புகுகின்றது. பரிகாரிமாரின் மருத்துவத்தை இகழ்வது என் கருத்தன்று. நல்லெண்ணெயிலே உள்ளியை வாட்டி வடித்து, இளஞ்சூட்டிற் காதுக்கு விடும் வழக்கம் எம்மிடையே பழமையானது. எண்ணெய் குறும்பியை இளக்கும் என்பதை இற்றை மருத்துவரும் ஒப்புவர். வேது பிடித்தல் மூக்கடைப்புக்குச் சிறிது இதம் தருவதும் உண்மையே. ஆயினும் பறையிலே துளையுள்ள காதுக்கு எண்ணெய் விடுதல் தீங்கு. சீழ் வடியும் காதுக்கு விடுதல் அதனினும் தீங்கு. பறையிலே துளை உண்டா இல்லையா என்பது வெளியே நிற்பவர் கண்ணுக்குத் தோன்றாது. ஒளிபாய்ச்சும் கருவி கொண்டு பார்த்தே அறிதல் வேண்டும். ஆகவே முதலிற் காதைப் பார்க்கச் செய்க; பின்னரே எண்ணெயைச் சூடாக்குக.

எனக்கு நலம் கிட்டிய வகையையும் இங்கே சுருங்கச் சொல்லலாம். ஓரிடத்திலே காதைக் கழுவினர்; பயனில்லை. மற்றோரிடத்திலே, 'ஒன்றுமில்லை, வயது' என்றனர். ஒன்றுமில்லை என்னும் சொல் நோயாளனைப் பொய்யனாக்கும் சொல். ஈற்றிலே காது, மூக்கு, தொண்டை மருத்துவ நிபுணர் ஒருவர் காதைப் பார்த்ததோடு அமையாது மூக்கையும் பார்த்தார். இசைக்கவை என்னும் இருப்புக் கவையைத் தட்டி, முதலிற் காதருகிலும் பின்னர்க் காதின் பின் என்பிலும் வைத்து வினவினார். காற்றுவழி வந்த ஓசையினும் என்புவழி வந்த ஓசை எனக்குப் பெரிதாய்க் கேட்டது. நரம்பு நலமாயுள்ளது, வழியே அடைபட்டது என்று அதிலிருந்து அவர் துணிந்தார்.

இச்சோதனையின் தத்துவம் எம் மட்டக்களப்பாருக்குப் புதிதன்று. மட்டக்களப்பு வாவியிலே பாடும் மீன்களின் ஓசையைக் கேட்க விரும்புவோர், நிலவுக்காலத்திலே தோணியில் சென்று, துடுப்பின் ஒரு முனையை நீரிலே ஆழ்த்தி, மறுமுனையைக் காதோடு சேர்ப்பர். காற்றில் எழாத ஓசை மரத்தின் வழியே காதை அடையும். எமர்சன் தெனந்து என்னும் ஆங்கிலேய அதிகாரி 1848இல் அவ்வோசையைக் கேட்டுத் தம் நூலிலே எழுதிவைத்தார். காற்று ஒரு வழி, திண்பொருள் மற்றொரு வழி என்பதைத் தோணிக்காரர் துடுப்பினால் அறிந்திருந்தனர். மருத்துவர் இசைக்கவையினால் அறிகின்றனர்.

மூக்கின் ஒவ்வாமை வீக்கமே என் குழாயை மூடியிருந்தது. கொதித்தாறிய நீரில் உப்புக் கரைத்து மூக்கைக் கழுவுதல், வீக்கம் தணிக்கும் தெளிமருந்தை இடையறாது சில மாதம் எடுத்தல், தூசியில் நிற்கும்போது மூக்கை மூடுதல், தடிமன் இல்லாத நாளில் மட்டும் மூக்கைப் பிடித்து மிக மெல்ல மூச்சை உந்துதல் என்பனவே எனக்கு விதிக்கப்பட்டவை. அரைவருடத்திலே வலக்காது திறந்தது. இடக்காது மாரிதோறும் இன்றும் அடைக்கின்றது. எனினும் அது ஏன் அடைக்கின்றது என்பதை அறிந்தபின், அவ்வடைப்பு முன்போல என்னை அச்சுறுத்துவதில்லை. நாட்பட்ட நோயிலே, நோய் நீங்குதல் ஒரு நலம். நோயின் பெயரும் காரணமும் தெரிதல் மற்றொரு நலம். இரண்டாவது நலத்தையேனும் எவர்க்கும் மறுத்தல் ஆகாது.

ஒன்று மட்டும் வற்புறுத்திச் சொல்ல வேண்டும். எல்லா அடைப்பும் பொறுத்திருக்கத்தக்கன அல்ல. ஒரு காது ஓரிரு நாளிற் சட்டெனக் கேளாது போயின், அது நரம்பின் பழுதாகவும் இருக்கலாம். சில நாட்களுக்குள் மருந்து தொடங்கினாலன்றி மீளாமற் போகவும் கூடும். வளர்ந்த ஒருவர்க்கு ஒரு காது மட்டும் வாரக்கணக்காக அடைபட்டிருப்பின், மூக்கின் பின்புறத்திலே கட்டி ஏதும் உண்டோ என்று பார்த்தல் கட்டாயம். தலைச்சுற்று, சீழ், நோவு, முகத்தசைத் தளர்ச்சி என்பவை உடன் வரின் ஒரு நாளும் தாழ்த்தலாகாது.

இனி, இக்கட்டுரையின் உயிர்நிலைக்கு வருவோம். இவ்வளவும் வளர்ந்தவன் ஒருவனின் துன்பம். வளர்ந்தவன் தன் குறையைச் சொல்வான், எழுதுவான், வைத்தியசாலைக்கும் செல்வான். ஐந்து வயதுப் பிள்ளை என் செய்யும்? குழந்தைகளுக்கு அக்குழாய் நீளம் குறைந்தது, சாய்வும் குறைந்தது, ஆதலின் எளிதில் அடைபடும். உள்ளறையிலே பசை போன்ற நீர் தேங்கும் நோய் இளங்குழந்தைகளிடையே மிகப் பரவலானது. பெரும்பாலார்க்கு மூன்று மாதத்துள் தானே வடியும். சிலர்க்கு வடியாது நிற்கும். பிள்ளைக்கு நோவில்லை, காய்ச்சலில்லை. இன்னார்க்கு உலகம் இப்படிக் கேட்கும் என்று அறிந்த ஒப்புமையும் அதற்கு இல்லை. போர்வைக்குள்ளிருந்து கேட்பதே கேள்வி என்று அது எண்ணிக்கொள்கின்றது. நாமோ அதனை மந்தம் என்கின்றோம், பராக்கு என்கின்றோம், சொல்வழி கேளாப் பிள்ளை என்கின்றோம். கேளாமை என்னும் ஒரே சொல் காதின் குறைக்கும் ஒழுக்கத்தின் குறைக்கும் தமிழிலே வழங்குவது பிள்ளையின் தீவினை போலும்! செவிடன் காதில் ஊதிய சங்கு என்னும் பழமொழியையும் சிரித்துக்கொண்டே வகுப்பிற் சொல்கின்றோம். வள்ளுவர் பழித்தது நல்லோர் சொல்லை ஏலாத மனத்தை. உடம்பின் குறையை அவர் பழித்தாரல்லர்.

தமிழாசிரியர்க்கு இந்நோயைக் கண்டறிய ஒரு தனி வாய்ப்பு உண்டு. அது சொல்வதெழுதல். பள்ளி பல்லியாவதும், மணம் மனமாவதும், கறை கரையாவதும் எல்லாப் பிள்ளைகளிடமும் காணப்படுவனவே. நம் பேச்சிலே அவ்வேறுபாடுகள் தேய்ந்துவிட்டன ஆதலின், அவற்றை மட்டும் கொண்டு காதை ஐயுறுதல் கூடாது. ஆனால் கரும்பலகையைப் பார்த்து எழுதும்போது பிழையின்றி எழுதும் பிள்ளை, வாயாற் சொல்லும்போது தகரத்தைப் பகரமாக எழுதுமாயின், சொல்லின் ஈற்றை விட்டுவிடுமாயின், அடுத்த பிள்ளையின் கொப்பியைப் பார்த்த பின்னரே எழுதத் தொடங்குமாயின், சித்திரையில் நன்றாய் எழுதி மார்கழியிலே தடுமாறுமாயின், அங்கே பிழை அறிவினது அன்று. காதினது என்று ஐயுறுதல் வேண்டும். ஆசிரியரின் முகத்தையே விடாது பார்க்கும் பிள்ளையும், பின்னிருந்து அழைத்தால் திரும்பாத பிள்ளையும் அவ்வாறே.

ஐயம் தோன்றின் ஆசிரியரே செய்யத்தக்க சிறு சோதனையும் உண்டு. அமைதியான இடத்திலே பிள்ளையை இருத்தி, ஒரு காதை மெல்ல விரலால் மூடி, பின்னால் ஒரு கை எட்டும் தூரத்தில் நின்று, மூன்று எண்களை மூச்சொலியால் மெல்லச் சொல்லித் திருப்பிச் சொல்லச் செய்க. பின்னர் மறுகாதுக்கும் அவ்வாறே செய்க. இருமுறையும் தவறுமாயின், பெற்றோருக்குத் தெரிவித்து மருத்துவரிடம் அனுப்புக. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையினர் பாடசாலைப் பரிசோதனைக்கு வரும்போது அப்பிள்ளையின் பெயரை முதலிற் சொல்லுக. அதற்கு முன்னரே, இன்றே, அப்பிள்ளையை முன்வாங்கிலே இருத்துக. இதற்குப் பணம் வேண்டா, சுற்றறிக்கையும் வேண்டா.

சுற்றறிக்கை என்றதும் வேறொன்று நினைவுக்கு வருகின்றது. காதைத் திருகுதலும் கன்னத்தோடு காது சேர அறைதலும் பள்ளிக்கூடங்களிலே பழங்காலத்துத் தண்டனைகள். காதின் மேல் விழும் அறையினால், அடைபட்ட காற்று பறையைக் கிழித்துவிடக் கூடும். உடல்தண்டனை கூடாதென்று 2005ஆம் ஆண்டிலேயே கல்வி அமைச்சு சுற்றறிக்கை விடுத்துள்ளது. எழுதிய கட்டளை எல்லா வகுப்பறைகளிலும் இறங்கியதா என்பதை அவரவர் நெஞ்சே அறியும். கேளாத பிள்ளையைக் கேளாமைக்காக அதன் காதிலேயே அடித்தல் எத்துணைக் கொடிய முரண்!

இவையெல்லாம் ஒரு சிற்றூரின் சிறு கவலை என்று கருதலாகாது. உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட செவிப்புலன் பற்றிய அறிக்கை, உலகில் 43 கோடிக்கு மேற்பட்டோர் உதவி வேண்டும் அளவுக்குக் கேள்வி குன்றியவர்கள் என்று கணக்கிட்டது. சிறுவரிடையே கேள்விக் குறைவுக்குக் காரணமானவற்றில் ஏறத்தாழ 60 விழுக்காடு தடுக்கத்தக்கன என்பதும் அந்நிறுவனத்தின் கூற்று. தடுக்கத்தக்கதைத் தடுக்காது விடுதல் விதியாகாது, அஃது அயர்வு.

எமக்கு அண்மையிலுள்ள காரைதீவிலே 1892இற் பிறந்த விபுலானந்த அடிகள், வழக்கொழிந்து போன யாழின் ஓசையைப் பழந்தமிழ் நூல்களிலிருந்தும் கணக்கினாலும் மீட்டெடுத்து, 1947இலே யாழ்நூலாகத் தந்தார். எவருடைய காதும் நூற்றாண்டுகளாகக் கேட்டிராத நரம்புகளின் ஒலிக்காக அவர் பல்லாண்டு உழைத்தார். அத்தகைய மண்ணிலே, முன்வாங்கில் இருந்தால் தமிழ் கேட்டிருக்கக் கூடிய ஒரு பிள்ளை, பின்வாங்கில் இருந்து மந்தன் என்று பெயர் பெற்றுப் பள்ளியை விட்டு நீங்குமாயின், அடிகளின் பெயரால் நாம் எடுக்கும் விழாக்களுக்குப் பொருள் யாது?

ஆசிரிய நண்பர்கள் அடுத்த சொல்வதெழுதல் பாடத்தன்று கொப்பிகளைத் திருத்தும்போது, மதிப்பெண் இடுமுன் பிழைகளின் வகையை ஒருமுறை நோக்குவார்களாக. எந்தப் பிள்ளை கண்ணால் எழுதுகின்றது, எந்தப் பிள்ளை காதால் எழுதுகின்றது என்று பிரித்தறிவார்களாக. பெற்றோர் குச்சியைக் கீழே வைப்பார்களாக. மருத்துவர் 'ஒன்றுமில்லை' என்னும் சொல்லைச் சிறிது தாழ்த்திச் சொல்வார்களாக. ஐந்தாம் அறிவின் கதவு திறந்திருந்தாலன்றோ ஆறாம் அறிவுக்கு நாம் கொடுக்க நினைப்பதெல்லாம் உள்ளே செல்லும்.